மெழுகு அடைத்த கண்டன்சர்

சிவப்புப் புள்ளி இடது கைப்பக்கம்தான் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை என்று நாச்சிமுத்து தனக்குள் சொல்லிக்கொண்டபோது பஸ் கரூரைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டிருந்தது. சந்தேகமே இல்லை என்று ஒரு மனுஷன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான் என்றால் சந்தேகம் ஏறி உட்கார்ந்து டிக்கெட்டும் வாங்கிவிட்டது என்றுதான் அர்த்தம், அது அவருக்கும் தெரியும். அது தெரிவதால் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பதும் தெரியும். ஜன்னலோரம் அவர் மனைவி ருக்குமணி உட்கார்ந்திருந்தாள், மடியில் கொய்யாப்பழப் பை, காலடியில் பெட்டி. பெட்டிக்குள் நாளை விடிகாலை பொள்ளாச்சியில் மகள் வீட்டில் பால் காய்ச்சுவதற்கு வாங்கிய பித்தளைப் பாத்திரம் பழைய வேட்டியில் சுற்றி இருந்தது. புது வீடு, மகளும் மாப்பிள்ளையும் வங்கிக் கடனில் கட்டியது, அதற்குப் போகாமல் இருக்க முடியாது, பாதியில் இறங்கவும் முடியாது. முடியாது என்றால் முடியாதுதான், ஆனால் கால் இரண்டும் பூட்ஸ் போட்ட போலீஸ்காரன் கால் மாதிரி பஸ்ஸின் தரையை இப்போதே அழுத்திக்கொண்டிருந்தன, எழுந்து நிற்கத் தயாராக. இடது கைப்பக்கம் சிவப்புப் புள்ளி. சரி. அப்படியானால் கோடு எந்தப் பக்கம் இருந்தது?

இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறது. வேலை என்று பார்த்தால் சின்ன வேலை. பழைய வால்வு ரேடியோவில் காலம் முதலில் தின்பது மின்சாரத்தைத் தேக்கித் தருகிற கண்டன்சரைத்தான், உள்ளே காய்ந்து, உப்பி, ஒழுகி, மெழுகெல்லாம் வழிந்து கிடக்கும். அதையெல்லாம் மாற்றினால் பாதி ரேடியோ பிழைத்துவிடும். செங்குட்டுவன் அய்யாவுடைய ரேடியோவிலும் அவர் எல்லாவற்றையும் மாற்றி, காவலுக்கு நூறு வாட் பல்பை வரிசையில் போட்டு மெல்ல மின்சாரம் கொடுத்துப் பார்த்து, பிறகு நேராகவே கொடுத்து, ஒரு வாரம் வீட்டில் பாட வைத்தாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அய்யாவின் மகள் எழிலரசி வந்து அடிப்பக்கத்தை போனில் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்ட, அய்யா படுக்கையில் இருந்தபடியே, 'என்ர ரேடியோவுக்குள்ள இதென்னம்மா நீலக் கலர்ல பிளாஸ்டிக் பொம்மை' என்று கேட்டுவிட்டார். பக்கவாதத்தில் நாக்கு பாதி இழுத்துக்கொண்ட மனுஷன், கைத்தறிச் சங்கத்தில் இருந்த காலம் முழுக்க அந்த ரேடியோவைத் திறந்து மூடித் துடைத்து வைத்திருந்தவர், அவர் கேட்டதில் தப்பில்லை. அதற்கு ஒரு வழி உண்டு. பழைய கண்டன்சரின் அட்டைக் குழாயைச் சூடுகாட்டி, உள்ளே இருக்கும் கசடை உருவி எறிந்துவிட்டு, புதுசை அந்தக் கூட்டுக்குள் சொருகி, இரண்டு பக்கமும் மெழுகை உருக்கி ஊற்றி அடைத்துவிட்டால் வெளியே பார்க்கிற யாருக்கும் பழசுதான். அட்டையின் ஒரு முனையில் சிவப்புப் புள்ளி, அது பிளஸ். புதுசின் உடம்பில் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு, அது மைனஸ். கோடு புள்ளிக்கு எதிர்ப்பக்கம் போகவேண்டும். அவ்வளவுதான் விஷயம். மெழுகு ஊற்றிய பிறகு கோட்டைக் கடவுள் வந்தாலும் பார்க்க முடியாது.

நேற்று சாயங்காலம் அவர் அட்டையை இடது கையில் பிடித்திருந்தார், புதுசை வலது கையில் எடுத்தார், சொருகப் போனார், அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து ருக்குமணி, 'ஏனுங்க, பொள்ளாச்சியில காத்தடிக்கும், அந்தக் கம்பளிய எடுத்து வெக்கட்டுங்களா?' என்று கேட்டாள். அவர் 'வெய்யி' என்றார். வை என்று சொல்லும்போது தலையைத் திருப்பினாரா? திருப்பினார் என்றால் கையும் திரும்பியிருக்குமா? கம்பளி பச்சை நிறம் என்பது ஞாபகம் இருக்கிறது, அவள் அதை உதறிய சத்தம் ஞாபகம் இருக்கிறது, பாச்சா உருண்டை வாசம் ஞாபகம் இருக்கிறது, மெழுகு சிந்தி இடது கைக் கட்டைவிரல் சுட்டது ஞாபகம் இருக்கிறது. கோடு மட்டும் ஞாபகம் இல்லை. கண்ணை மூடினால் கோடு வலப்பக்கம் தெரிகிறது, நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் இடப்பக்கமும் தெரிகிறது, அதே அளவு தெளிவாக, அதே வெள்ளையாக. நினைத்து நினைத்துப் பார்த்து அந்த ஞாபகத்தையே அவர் தேய்த்துவிட்டார். முதல் தடவை நினைத்தபோது ஏதோ ஒரு பக்கம் உறுதியாக இருந்தது. எந்தப் பக்கம் என்றுதான் இப்போது தெரியவில்லை. கட்டைவிரலை மோதிர விரலால் தடவிப் பார்த்தார், கொப்புளம் கன்றிப்போய் எரிந்தது. நகக்கண்ணில் மெழுகு இன்னும் இருந்தது.

"ஏனுங்க, வாய் என்னமோ முணுமுணுங்குது?" என்றாள் ருக்குமணி, வெளியே பார்த்தபடியே. அவர் ஒன்றுமில்லை என்றார். "ஒண்ணுமில்லாததுக்குத்தான் ரெண்டு ஒதடும் ஆடுதாக்கும். கொய்யாக்கா நறுக்கட்டுங்களா?" வேண்டாம் என்றார். அவள் மேலே கேட்கவில்லை. முன்பானால் கேட்பாள். முன்பானால் அவர் வாயைத் திறக்கும் முன்பே, கேஸ் அணைச்சாச்சு, மோட்டார் அணைச்சாச்சு, பூட்டு ரெண்டு தடவ இழுத்துப் பாத்தாச்சு என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி அவளே சொல்லிவிடுவாள், அவருக்கும் அரை மணி நேரம் நிம்மதி கிடைக்கும். கோயமுத்தூர் மனநல டாக்டரம்மா அதையும் நிறுத்திவிட்டார். மகள் வயசுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. இது நோய்தான் அய்யா, பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை, ஆனால் நீங்கள் ஒரு சந்தேகத்துக்குப் பதில் சொன்னால் அது பத்துக் குட்டி போடும், அம்மா நீங்களும் பதில் சொல்லக்கூடாது, சந்தேகம் வந்தால் வரட்டும், அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கட்டும் என்றார். சொல்வதற்கு என்ன, உட்கார்ந்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இங்கே பஸ்ஸில் ஒரே சீட்டில் நசுங்கிக்கொண்டிருப்பது நாச்சிமுத்து அல்லவா.

அந்த டாக்டரம்மா பேச்சைக் கேட்டுத்தான் வந்த வினை. இன்று காலையில் கரூரில் பாதி ஊருக்கு மின்தடை, அய்யா வீடு இருந்த பாதிக்கு இல்லை, மாதம் ஒருமுறை பராமரிப்பு என்று நிறுத்துவார்களே அது. ரேடியோவைத் தூக்கிப் போக எழிலரசியின் வீட்டுக்காரர் ஆட்டோவோடு வாசலில் நின்றார். மெழுகு அடைத்த பிறகு ஒரு தடவைகூட மின்சாரம் கொடுத்துப் பார்க்கவில்லை. நாளை மறுநாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. ருக்குமணி ஒரு பார்வை பார்த்தாள். ஒரு வாரம் பாடின ரேடியோதானே, அதே கண்டன்சரைத்தானே எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறீர்கள், இன்னும் எத்தனை தடவை பார்ப்பீர்கள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அவருக்கும் ஒரு ரோஷம் வந்தது. இந்த ஒன்றையாவது பார்க்காமல் விட்டுப் பார்ப்போமே, டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லலாமே என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் ஆசை. கொடுத்துவிட்டார். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அது திரும்பிய கணத்தில், கோடு எந்தப் பக்கம் என்று ஒரு குரல் கேட்டது. இது நோயின் குரல் என்றே வைத்துக்கொள்வோம். நோய்க்காரன் வீட்டில் நிஜமாகவே தீப்பிடிக்கக்கூடாது என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா? நாற்பது வருஷம் பஸ்களுக்கு ஒயரிங் செய்த கை இது, கரூரில் கட்டிய பஸ் கூண்டுகளில் பாதிக்கு விளக்கெரிய வைத்த கை. அந்தக் கைக்குக்கூட ஒரு நாள் தப்பு வரும். தப்பு வந்தால் அதுவும் இப்படித்தானே இருக்கும், சாதாரணமாக, கம்பளி வைக்கட்டுமா என்ற கேள்விக்கு நடுவில்?

மாற்றிப் போட்ட கண்டன்சர் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. உடனே ஒன்றும் செய்யாது, அதுதான் மோசம். வால்வு சூடாகும், பாட்டு வரும், கேட்கிறவர்கள் ஆகா என்பார்கள். உள்ளே முந்நூறு வோல்ட் தப்பான பக்கமிருந்து தள்ள, அது சூடாகி, உப்பி, சில நிமிஷத்தில் வெடிக்கும். வெளியே இருந்தால் வெறும் வெடிதான், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறக்கலாம். இங்கே அது அட்டைக்குள், மெழுகுக்குள், மரப்பெட்டிக்குள் இருக்கிறது. அந்த மரப்பெட்டி அய்யாவின் தலைமாட்டில் ஸ்டூலில் இருக்கிறது. நாச்சிமுத்து போய்ப் பார்த்த அறைதான். இரும்புக் கட்டில், கட்டிலைச் சுற்றி நைலான் கொசுவலை, கட்டில் கம்பியில் துவைத்துக் காயப்போட்ட ஒரு கருப்புச் சட்டை, இனி எங்கே போட்டுக்கொண்டு போகப்போகிறாரோ. பெற்றவர்கள் வைத்த பெயரை உதறிவிட்டுச் செங்குட்டுவன் என்று தானே வைத்துக்கொண்ட பிடிவாதக்காரர், இப்போது வலது கை வலது கால் வராது. காது மந்தம், அதனால் ரேடியோவை ஒட்டித் தலையணையில் கன்னத்தை வைத்துக்கொள்வார், ஸ்பீக்கர் துணி காதில் உரச. எழிலரசி அடுப்படியில் இருப்பாள். மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும். கொசுவலை எப்படி எரியும் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும், அது எரியாது, உருகிச் சொட்டும். அவர் கண்ணைத் திறந்துகொண்டார். முன் சீட்டில் ஒரு குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னும் ரேடியோவைப் போடவில்லை, இன்னும் போடவில்லை, அதை மறந்துவிட்டானே இந்த முட்டாள். ஆட்டோவில் ஏற்றும்போது போனில் எழிலரசி சொன்னாளே, இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க, பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும், அது முடிஞ்சு பன்னெண்டுக்கு மேல போட்டுக்கறோம்ங்க என்று. நெற்றியில் விபூதி அழியாத பெண், சொன்னால் சொன்னபடி செய்வாள். பன்னிரண்டு வரைக்கும் கொசுவலை பத்திரம். பஸ் டிரைவருக்கு மேலே ஒரு கடிகாரம் இருந்தது, சாமி படத்துக்குப் பக்கத்தில், அதை ஏன் பார்த்தோம் என்று ஆகிவிட்டது. ராகுகாலத்தில் முக்கால்வாசி போய்விட்டிருந்தது. உலகத்தில் எல்லோரும் ராகுகாலம் எப்போது முடியும் என்று காத்திருப்பார்கள், அது முடியக்கூடாது என்று வேண்டிக்கொண்ட முதல் ஆள் தானாகத்தான் இருக்கவேண்டும் என்று தோன்றி அவருக்குச் சிரிப்பு வந்தது. ஒரு போன் போட்டால் போதும். அம்மா, நான் வருகிறவரை ரேடியோவைப் போடாதீர்கள். ஒரு வாக்கியம். புத்தியுள்ள எந்த மெக்கானிக்கும் அதைத்தான் செய்வான். ஆனால் புத்தியுள்ள மெக்கானிக் காலையில் கேஸ் குமிழை ஏழு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு பஸ் ஏறுவதில்லையே. எது புத்தி, எது நோய் என்று பிரித்துச் சொல்ல அவர் தலைக்குள் ஒரு கோடும் இல்லை, வெள்ளையாகவோ கருப்பாகவோ.

போனை எடுக்க இடுப்புக்குக் கை போனது, வெள்ளகோயில் ஞாபகம் வந்து கை நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருப்பூரில் ருக்குமணியின் அண்ணன் தவறிப்போனார். சேதி வந்ததும் கிளம்பி, காங்கேயம் ரோட்டில் பஸ் வெள்ளகோயிலை நெருங்கும்போது அவருக்குக் கேஸ் அடுப்பு எரிகிற மாதிரியே இருந்தது. எரிகிறது, பாலுக்குப் பக்கத்தில் துணி கிடக்கிறது, அக்கம்பக்கத்தில் குழந்தைகள். ருக்குமணி அணைத்துவிட்டேன் என்று சொன்னாள், சத்தியம் செய்தாள், அழுதாள். அவர் எழுந்து நின்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினார். அவளும் கூட இறங்கினாள், அவரைத் தனியாக விட பயந்து. வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்பு அணைந்திருந்தது. மறுபடி பஸ் பிடித்துத் திருப்பூர் போனபோது எல்லோரும் மயானத்திலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவரைத் திட்டவில்லை. ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்த அண்ணன் மகனிடம், கடசியா வாய் தொறந்திருந்துச்சா மூடியிருந்துச்சா கண்ணு என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி இன்றுவரை அவர் நெஞ்சில் கிடக்கிறது, எந்தக் குறடாலும் பிடுங்க வரவில்லை. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள், "இன்னொருக்கா எங்கயாச்சும் பாதி வழியில எறங்கினீங்கன்னா நான் கூட எறங்க மாட்டனுங்க. வழியில போனப் போட்டு ஆரையுங் கேக்கவுங் கூடாது. அப்பறம் நீங்க ஆரோ நான் ஆரோ." சொன்னால் செய்கிறவள்தான் அவளும். சரி என்று அவரும் வாக்குக் கொடுத்தார்.

மூலனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள் வரத் தொடங்கின. ருக்குமணி தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக் கண் மூடியிருந்தாள். தூங்குகிறாளா, சும்மா மூடியிருக்கிறாளா? அதையும் அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. முள் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போது எழிலரசி கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வருவாள், பிளக்கைக் கையில் எடுப்பாள், இந்தாங்கப்பா என்பாள். கொசுவலைக்குள் ஒரு கன்னம் ஸ்பீக்கர் பக்கம் திரும்பும். நாச்சிமுத்துவின் கை போனை எடுத்தது. அவர் எடுத்தார் என்று சொல்ல முடியாது, கை எடுத்தது, விரல் பெயரைத் தேடியது, அழுத்தியது. ஒரு மணி அடித்தது. அந்த ஒரு மணிக்குள், வாய் தொறந்திருந்துச்சா மூடியிருந்துச்சா கண்ணு என்று அவள் கேட்டது அவருக்குக் கேட்டது, விரல் சிவப்பை அழுத்திவிட்டது. போன் அணைந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேண்டாம் என்று நிறுத்தினானே, அது வீரமா, கொலையா? ஒரு கிழவர் உயிரைவிட மனைவிக்குக் கொடுத்த வாக்கு பெரிசா? அப்படியானால் மறுபடி போடு. போட்டால் அடுத்து கேஸ், அடுத்து பூட்டு, பொள்ளாச்சி போய்ச் சேருவதற்குள் ஊரிலிருக்கும் எல்லாப் பூட்டும் வரும். போடாதே. கொசுவலை சொட்டுகிறது. முள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பியது, வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் கூவிக்கொண்டு ஓடிவந்தார்கள், அவருக்கு யார் குரலும் காதில் ஏறவில்லை. பன்னிரண்டு தாண்டிவிட்டது. இப்போது பிளக் உள்ளே போயிருக்கும். வால்வு சிவக்கும். பாட்டு வரும். எண்ணவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினார்.

போன் மணி அடித்தது. எழிலரசி என்று வந்தது. போன் நழுவிச் சீட்டுக்கு நடுவில் விழப் பார்த்தது, ருக்குமணி கண்ணைத் திறக்காமலே அதைப் பிடித்தாள், பிறகு கண்ணைத் திறந்து பெயரைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பச்சையைத் தொட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அய்யா, எழிலரசி பேசறனுங்க. மிஸ்டு கால் குடுத்திருந்தீங்களாட்ட இருக்குது. ரேடியோச் சத்தத்துல காதுல உழுகலீங்க."

ருக்குமணியின் கண் அவர்மேலேயே இருந்தது. "போட்... போட்டாச்சுங்களாம்மா?" என்றார் அவர்.

"அதையேனுங்க கேக்கறீங்க! பன்னெண்டுக்கு மேல போட்டுக்கலாம்னு நாஞ் சொல்லச் சொல்ல எங்கப்பா கேட்டாத்தானுங்களே. ராகுகாலம் எப்பப் பொறக்குதுன்னு கடிகாரத்தையே பாத்துட்டுக் கெடந்து, பத்தரை ஆனதும் இப்பப் போடுன்னு ஒரே புடிங்க. அவரு கல்யாணத்தையே ராகுகாலத்துல வெச்சவருங்க, எம்பட பேச்செங்க எடுபடுது. அப்பப் போட்டதுங்க, இன்னம் பாடிட்டே இருக்குது. கேளுங்க."

பின்னால் ரேடியோ கேட்டது. யாரோ நிதானமான குரலில் விவசாயிகளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், தெளிவாக, அடியில் ஒரு உறுமல்கூட இல்லாமல். கருப்புச் சட்டையைப் பார்த்தும் தனக்கு இது தோன்றவில்லையே என்று நாச்சிமுத்து நெற்றியில் தட்டிக்கொண்டார். அவர் ராகுகாலத்தைக் கெஞ்சிக் கெஞ்சிப் பிடித்து வைத்திருந்த அத்தனை நேரமும், மனசுக்குள் கொசுவலை எரிந்த நேரம், மறுபடி வெள்ளகோயிலில் இறங்கிய நேரம், அந்தக் கிழவர் ஸ்பீக்கரில் கன்னத்தை வைத்துக்கொண்டு ராகுவைப் பழிவாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். மாற்றிப் போட்ட கண்டன்சர் இத்தனை நேரம் தாங்காது. தாங்காது என்று அவருக்குத் தெரியும்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கய்யா," என்றாள் எழிலரசி. "இத்தன நேரம் ஓடுதே, நிறுத்தி வெக்கோணுங்களா, இல்ல ஓடலாங்களா? அப்பா நிறுத்தவே உட மாட்டீங்கறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா எனக்கு நிம்மதிங்க."

ருக்குமணி போனை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். அவள் பதில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த எத்தனையோ பதில்களில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம், அணைக்கச் சொல்லலாம், ஓடட்டும் என்கலாம், முப்பது வருஷமாக அதைத்தானே செய்தாள். சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். அவருக்குத் தொண்டையில் கேள்விகள் வரிசைகட்டி நின்றன. மெழுகு வாசம் வருகிறதா அம்மா, பின்பக்கம் தொட்டுப் பாருங்கள், சூடு எப்படி இருக்கிறது, சத்தம் ஏறி இறங்குகிறதா, அடியில் ஏதாவது வழிந்திருக்கிறதா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை. ஒன்றைக் கேட்டால் எல்லாம் கேட்டாகவேண்டும். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது, நாக்கு இழுத்த குரல், ஆரு, மெக்கானிக்கா, நிறுத்தச் சொல்றானா அவன், என்று கோபமாக. ஒரு சின்னப் பிள்ளையிடமிருந்து எதையோ பிடுங்கப் போவது போல் இருந்தது நாச்சிமுத்துவுக்கு.

"ஓடட்டும்மா," என்றார். குரல் அவருக்கே புதுசாக இருந்தது. "நிறுத்த வேண்டாம். அய்யா கேக்கட்டும்."

போனை வைத்தாயிற்று. பஸ் தாராபுரத்தை விட்டுக் கிளம்பி அமராவதிப் பாலத்தில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வழிவது தெரிந்தும் அவர் துடைத்துக்கொள்ளவில்லை. ருக்குமணி ஆற்றைப் பார்த்தபடி, "அந்தப் பொண்ணுக்குப் போன்ல எத்தன மணி அடிக்க உட்டீங்க?" என்றாள்.

"ஒண்ணுதான். கட் பண்ணிட்டேன்."

"சரி. அர மார்க்குப் போடறேன்," என்றாள். பையிலிருந்து ஒரு கொய்யாக்காயை எடுத்து நறுக்கி வைத்துவிட்டு, அவருடைய இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். "இதென்னுங்க இப்படி வெந்து கெடக்குது? தேங்காயெண்ணெ தடவினீங்களா, இல்லியா?"

அவர் கொப்புளத்தைப் பார்த்தார். தடவின மாதிரியும் இருந்தது, தடவாத மாதிரியும் இருந்தது. "தெரியலயே அம்மிணி," என்று சொல்லிவிட்டு, நறுக்கிய துண்டுக்குக் கையை நீட்டினார்.